எத்தனை அடி தள்ளி நிற்பது?

1994ஆம் வருஷம், ஆவணி மாசம். மாவட்டத் தலைநகரில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து எங்கள் முப்பது பேருக்குப் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். தொழில்முனைவோர் மேம்பாட்டுப் பயிற்சி என்று பெயர். கடன் மனு போட்டவர்கள் அந்தப் பயிற்சியின் சான்றிதழை வைத்தால்தான் மனு அடுத்த மேசைக்கு நகரும். அருப்புக்கோட்டையில் தோல்செருப்புக் கடை போட வேண்டும் என்பது என் மனு. எனக்குத் திருச்சுழிப் பக்கம், சக்கிலியக்குடி. அய்யா கமலைச் சாலுக்குத் தோல்வால் தைத்தவர். கிணற்றுக்குக் கிணறு கரண்டு மோட்டார் வந்ததும் அந்த வேலை செத்துப்போனது. செருப்புத் தைக்கிற கை மட்டும் மிச்சம்.

முதல் நாளே, "எஸ்.சி. மனுக்காரங்க எல்லாம் இந்தப் பக்கம் உக்காருங்க, உங்க ஃபைல் வேற" என்று ஒரு ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் பயிற்சியாளர் தரையில் ஒரு கட்டையை வைத்து அதில் ஒரு மரக்குச்சியைச் செருகினார். சுண்ணாம்புக் கட்டியால் ஒன்றிலிருந்து பத்து அடி வரைக்கும் கோடு கிழித்தார். ஆளுக்கு மூன்று கயிற்று வளையம். எந்தக் கோட்டில் வேண்டுமானாலும் நின்று எறியலாம், தூரம் கூடக்கூட மார்க் கூடும். கடைவீதிப் பையன்கள் ஐந்து, ஆறு என்று நின்றார்கள். ஒருத்தன் பத்தாவது கோட்டில் நின்று எறிந்துவிட்டுச் சிரித்தான். நான் இரண்டாவது கோட்டில் நின்றேன். மூன்றும் விழுந்தது.

பயிற்சியாளர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, நீங்க ரிஸ்க் எடுக்கப் பயப்படுறீங்க. தடை வெளியில இல்ல, உங்க மனசுலதான் இருக்கு." பலகையில் என் பெயருக்கு நேரே சாதனை ஊக்கம் குறைவு என்று எழுதினார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நரிக்குடிப் பக்கத்து அண்ணன் ஒருத்தர், அவரும் எங்கள் ஓரத்தில் உட்கார்ந்தவர்தான், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "மூணு வளையத்துல ஒண்ணு வீணாப்போனா நாலாவது நமக்கு எவன்டா தருவான்? நீ கிட்ட நின்னதுதான்டா புத்தி."

அந்த மரக்குச்சி எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தேடிப்போனேன். மதுரையில் ஒரு நூலகத்தில் கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து வந்திருந்தது.

டேவிட் மெக்ளெல்லண்ட் 1917இல் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் வெர்னனில் பிறந்தார். தகப்பனார் ஒரு பெண்கள் கல்லூரியின் தலைவராக இருந்தவர். மகன் வெஸ்லியனில் பட்டம் வாங்கி, 1941இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். குவேக்கர் சபையைச் சேர்ந்துகொண்டவர். 1956இல் ஹார்வர்டுக்குப் போய் முப்பது வருஷம் அங்கே இருந்தார். 1998இல் இறந்தார். இருபதாம் நூற்றாண்டின் செல்வாக்குள்ள உளவியலாளர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அவர் பெயர் வரும். எலியை வைத்துப் பசியையும் தாகத்தையும் அளந்துகொண்டிருந்த காலத்தில், மனுசனுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்பதை அவன் சொல்லும் கதையிலிருந்து அளக்கலாம் என்று கிளம்பியவர் அவர். ஒரு படத்தைக் காட்டுவார்கள். மேசையில் புத்தகம் விரித்திருக்கிறது, ஒரு பையன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறான். சில நிமிஷத்தில் ஒரு கதை எழுத வேண்டும். பையன் பரீட்சையில் முந்த வேண்டும் என்று நினைக்கிறான் என எழுதினால் சாதனை வேட்கைக்கு மார்க். வீட்டில் அம்மா எப்படி இருக்கிறாளோ என்று நினைக்கிறான் என எழுதினால் இல்லை. 1953இல் மூன்று சகாக்களோடு சேர்ந்து இந்த முறையைப் புத்தகமாகப் போட்டார்.

அதோடு விட்டிருந்தால் அது பேராசிரியர்கள் விவகாரமாகப் போயிருக்கும். 1961இல் அவர் எழுதிய பெரிய புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் 'சாதிக்கும் சமூகம்' என்று சொல்லலாம். (நம் மொழியில் அந்தச் சொல்லை எழுதும்போதே உள்ளே சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது.) நாடுகள் ஏன் முன்னேறுகின்றன, ஏன் தேங்குகின்றன? மூலதனம், காலனி, கொள்ளை எல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். மக்கள் மனசில் சாதனை வேட்கை எவ்வளவு என்பதே முதல் கேள்வி. 1925லும் 1950லும் பல நாடுகளில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இருந்த பாடப்புத்தகக் கதைகளை எடுத்து, அதில் எவ்வளவு சாதனை வேட்கை என்று எண்ணி, அந்த நாடுகளின் மின்சார உற்பத்தி வளர்ச்சியோடு பொருத்திப் பார்த்தார். யாருடைய வீட்டுப் பிள்ளை அந்தக் கதைகளில் வந்தது, யாருடைய பிள்ளை வரவே இல்லை என்கிற கேள்வி அந்தக் கணக்கில் கிடையாது. நான் படித்த ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் தெரு என்றால் ஒரே தெருதான். அது எங்கள் தெரு இல்லை.

வேட்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். தாய்மார் பிள்ளையைச் சின்ன வயசிலேயே தன் காலில் நிற்கப் பழக்கினால் அது சாதிக்கும் பிள்ளையாகும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐந்து வயசில் நான் ஆடு பத்தினேன். ஆறு வயசில் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆத்தா பருத்தி எடுக்கப்போன காட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். எட்டு வயசில் கருவேல முள் வெட்டினேன். தன் காலில் நிற்பதுதான் கணக்கென்றால் இந்தக் கரிசல்காட்டுச் சேரிகளில் தெருவுக்கு ஒரு ராக்பெல்லர் பிறந்திருக்க வேண்டும்.

இந்தப் புத்தகம் இந்தியாவுக்கு வந்தது. ஆள்களோடு வந்தது. ஹைதராபாத்தில் மத்திய அரசின் சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனம் இருந்தது. 1964இல் ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்து ஐம்பது பேருக்கு மேல் வணிகர்களை அங்கே அழைத்துவந்து பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். கதை எழுதச் சொன்னார்கள், விளையாட வைத்தார்கள், வரும் வருஷங்களில் என்ன செய்யப்போகிறேன் என்று திட்டம் எழுதி வாங்கினார்கள். நம் வேலூரும் ராஜமுந்திரியும்கூட இந்த ஆய்வுக்குள் வரும் ஊர்கள். மெக்ளெல்லண்டும் டேவிட் விண்டரும் 1969இல் முடிவுகளைப் புத்தகமாகப் போட்டார்கள். பயிற்சி எடுத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அடுத்த இரண்டு வருஷத்தில் தொழிலை விரித்தார்கள், பயிற்சி எடுக்காதவர்களில் கால்வாசிப் பேர்தான் அப்படிச் செய்தார்கள் என்பது செய்தி.

உலகம் முழுக்க இது பேசப்பட்டது. குஜராத்தில் 1970ஐ ஒட்டி இதே வழியில் பயிற்சிகள் தொடங்கின. 1983இல் அகமதாபாத்தில் இதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் வந்தது. அங்கிருந்து மாவட்டம் மாவட்டமாக இறங்கி, முப்பது வருஷம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்துத் தரைக்கு அந்த மரக்குச்சி வந்து சேர்ந்தது. வளையம் எறியும் விளையாட்டை மெக்ளெல்லண்ட் சின்னப் பிள்ளைகளை வைத்துச் சோதித்திருந்தார். வேட்கை அதிகமுள்ள பிள்ளை ரொம்பக் கிட்டேயும் நிற்காது, ரொம்ப எட்டவும் நிற்காது, நடுவில் நிற்கும் என்பது கண்டுபிடிப்பு. அந்தப் பிள்ளைகளுக்கு வளையம் தவறினால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்பதை இங்கே மறந்துவிட்டார்கள்.

காக்கிநாடாப் புத்தகத்தில் நமக்கு முக்கியமான இரண்டு சங்கதி இருக்கின்றன. பயிற்சி யாருக்குப் பலித்தது என்று அவர்களே கூறுபோட்டுப் பார்த்தபோது, கடையின் முடிவுகளைத் தானே எடுக்கும் இடத்தில் இருந்தவர்களுக்குத்தான் பலித்தது. அடுத்தவன் கடையில் கணக்கெழுதுபவனுக்கு வேட்கையை ஏற்றி என்ன ஆகும்? அதிகாரம் முதலில், வேட்கை பிறகு. இதை அவர்கள் ஒரு பகுப்பாய்வாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோனார்கள், நமக்கோ அதுதான் முழுக்கதை. இன்னொன்று, வணிகர்களின் மரபான நம்பிக்கைகள் தொழில் வளர்ச்சிக்குத் தடையாக இல்லை என்றார்கள். அதாவது சாதியை அப்படியே வைத்துக்கொண்டு கடையைப் பெரிதாக்கலாம். காக்கிநாடாவில் கடை யார் கையில் இருந்தது, குப்பை யார் தலையில் இருந்தது என்பதெல்லாம் இந்த உளவியலுக்கு வெளியே நிற்கிற விஷயம். எங்கள் வீட்டுப் பேச்சும் தெலுங்குதான். ஆனால் அந்தத் தெலுங்கில் ஒருத்தனும் அங்கே கதை எழுதியிருக்கமாட்டான்.

ஒரு கிளைக்கதை. மெக்ளெல்லண்ட் ஹார்வர்டுக்கு அழைத்துவந்தவர்களில் ஒருவர் போதை மருந்து ஆராய்ச்சியால் பேர்போன திமோத்தி லியரி. அவரோடு சேர்ந்து வேலை செய்த ரிச்சர்டு ஆல்பர்ட் 1963இல் பல்கலைக்கழகத்தை விட்டு நீக்கப்பட்டார். 1967இல் இந்தியா வந்தவர், ராம் தாஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு துறவு பேசினார். ஒரே கட்டிடத்திலிருந்து ஒருத்தர் இந்தியனுக்கு ஆசையைக் கற்றுக்கொடுக்க வந்தார், இன்னொருத்தர் ஆசையை விடக் கற்றுக்கொள்ள வந்தார். திருச்சுழியை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும் என்றால் அது 1879இல் ரமணர் பிறந்த ஊர் என்பதால்தான். 'நான் யார்' என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். எங்கள் தெருவில் அந்தக் கேள்வியை யாரும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய அவசியம் வந்ததில்லை. அடுத்தவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

இந்த மண்ணில் சாதித்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். மெக்ளெல்லண்ட் காக்கிநாடாவுக்குப் பதில் அருப்புக்கோட்டைக்கு வந்திருந்தால் அவருக்கு வேறு பாடம் கிடைத்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுபட்டி, சிவகாசி என்று பேட்டைகளில் குடியேறிய நாடார்கள், கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சாதி. கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நுழைந்ததற்காக வழக்காடி, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1908இல் தோற்றார்கள். 1899இல் சிவகாசிக் கொள்ளையைப் பார்த்தார்கள். அவர்கள் மனசில் வேட்கையை யாரும் பத்து நாள் பயிற்சியில் ஊற்றவில்லை. பேட்டைக்குள் வரும் சரக்குக்கு மகமை பிடித்தார்கள். உறவின்முறை அந்தக் காசில் பள்ளிக்கூடம் கட்டியது. 1921இல் தூத்துக்குடியில் தங்களுக்கென்று ஒரு வங்கியே தொடங்கினார்கள். ஒருத்தன் விழுந்தால் நாலாவது வளையத்தைக் கொடுக்க உறவின்முறை இருந்தது. அதனால் அவன் ஐந்தாவது கோட்டில் நின்றான். வேட்கை அவன் மண்டைக்குள் இருந்ததா, மகமைப் பெட்டிக்குள் இருந்ததா? (ஏறியவர்கள் ஏணியை எங்கள் பக்கம் இறக்கிவிட்டார்களா என்பது தனிக் கட்டுரைக்குரியது. இங்கே அதைத் தொடவில்லை.)

மகமை பிடிக்கச் சரக்கு வேண்டும். சரக்கு வைக்கப் பேட்டை வேண்டும். மானாவாரிக் காட்டில் அடுத்தவன் புஞ்சையில் களையெடுக்கிற சனத்துக்கு எந்தப் பேட்டை? ஐப்பசி மழை பொய்த்தால் கரிமூட்டம், இல்லாவிட்டால் பஞ்சம் பிழைக்கத் திருப்பூர், கேரளா. ஒரு தடவை தவறினால் போவது அந்த வருஷத்து வருமானம் மட்டும் இல்லை, பொண்டாட்டி காதுத் தோடும் பிள்ளை படிப்பும் சேர்ந்து போகும். அந்தக் கணக்கைப் போட்டுத்தான் நாங்கள் கிட்ட நிற்கிறோம். இதை அமெரிக்காவிலேயே வேறொரு உளவியலாளர் பெயர் வைத்துச் சொன்னார். வில்லியம் ரையான் 1971இல் எழுதிய புத்தகத்தில், அடிபட்டவன் மேலேயே பழியைப் போடுவது என்று அதற்குப் பெயர் கொடுத்தார். கறுப்பர்களின் வறுமைக்குக் கறுப்பர்களின் குடும்பமும் குணமும்தான் காரணம் என்று பேசிய அறிஞர்களை நோக்கி எழுதிய புத்தகம் அது.

2004இல் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்கிற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. உத்தரப் பிரதேசக் கிராமத்துச் சிறுவர்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர் கொடுத்தார்கள். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது மேல்சாதிப் பிள்ளைகளும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும் ஒரே அளவு போட்டார்கள். எல்லார் முன்னாலும் பெயரோடு சாதியையும் வாசித்தபோது தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் முடித்த புதிர்கள் சட்டென்று குறைந்தன. நியாயமாக நடத்தமாட்டார்கள் என்று பிள்ளைகள் எதிர்பார்க்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். "எஸ்.சி. மனுக்காரங்க இந்தப் பக்கம்" என்ற குரல் எனக்கு உடனே கேட்டது.

இதுவரைக்கும் படித்தவர்கள் மெக்ளெல்லண்டை நான் தூக்கிக் குப்பையில் போடப்போகிறேன் என்று நினைக்கலாம். முடியாது. அதே ஆள் 1973இல் அமெரிக்க உளவியலாளர் சங்கத்தின் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அறிவுத்திறனை விட்டுவிட்டு வேலைத்திறனைச் சோதியுங்கள் என்பது அதன் சாரம். கறுப்பர்களின் அறிவு பிறவியிலேயே குறைவு என்பதுபோல ஆர்தர் ஜென்சன் 1969இல் எழுதி ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. மெக்ளெல்லண்ட் கேட்டார்: பாஸ்டனில் கறுப்பர்கள் வசிக்கும் ராக்ஸ்பரியில் ஒருத்தன் போலீஸ்காரன் ஆக வேண்டும் என்றால் மூன்று மணி நேரப் பரீட்சை எழுத வேண்டும். தெருவில் யாரும் பேசாத பண்டிதச் சொற்களுக்கு அதில் பொருள் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் அவனுக்கு மிஞ்சுவது கூட்டிப்பெருக்கும் வேலை. அந்த வேலைக்கு மட்டும் அறிவுப் பரீட்சை கிடையாது.

இந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். என் அத்தை ஒரு நகராட்சியில் துப்புரவுப் பணியாளர். அவளைச் சேர்க்கும்போது யாரும் எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. எந்தத் தெரு என்று மட்டும் கேட்டார்கள். தகுதி, திறமை என்று 1990இல் மண்டலுக்கு எதிராகத் தெருவில் கத்தியவர்களில் சிலர் விளக்குமாற்றைக் கையில் எடுத்துத் தெருக் கூட்டிக் காட்டினார்கள். எங்களுக்கு இனி இந்த வேலைதானா என்று அர்த்தம். அந்த விளக்குமாற்றுக்கு ஒரு தகுதித் தேர்வு வைத்தால் யார் முதல் மார்க் வாங்குவார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்தக் கட்டுரையில் இன்னொரு சங்கதி. வெஸ்லியனில் தன்னிடம் படித்தவர்களில் எல்லாப் பாடத்திலும் முதல் தரம் வாங்கிய எட்டுப் பேரையும், தட்டுத்தடுமாறித் தேறிய எட்டுப் பேரையும் பல வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தார். வாழ்க்கையில் இரண்டு கூட்டத்தையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மார்க் நல்ல கல்லூரிக்குள் நுழைய உதவியது, அவ்வளவுதான். பரீட்சை அறிவை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு வர்க்கத்தை அளக்கிறது, கதவைக் காவல் காக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்களுடைய பேச்சையும் பழக்கத்தையுமே அறிவு என்கிறது என்று எழுதினார். நம்மவர்கள் எத்தனை மேடையில் தொண்டை கிழியச் சொன்ன சங்கதி!

1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் அவர் எடுத்துக்காட்டினார். வடக்கு கரோலினாவில் டியூக் பவர் என்கிற மின்சாரக் கம்பெனி. கறுப்பர்கள் கூலித் துறையில் மட்டும்தான் வேலை பார்க்கலாம். அந்தத் துறையின் உச்சச் சம்பளம் மற்ற துறைகளின் அடிமட்டச் சம்பளத்தைவிடக் குறைவு. 1965இல் சட்டம் அமலுக்கு வந்து இனப்பாகுபாடு கூடாது என்றதும், கம்பெனி பள்ளிச் சான்றிதழ், அறிவுப் பரீட்சை என்று புது வேலி போட்டது. வில்லி கிரிக்ஸும் அவருடைய தோழர்களும், மொத்தம் பதின்மூன்று கறுப்புத் தொழிலாளர்கள், வழக்குப் போட்டார்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத பரீட்சை, பாகுபாடு காட்டும் நோக்கம் இல்லாவிட்டாலும், விளைவில் பாகுபாடு காட்டினால் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அந்தச் சான்றிதழ் இல்லாத வெள்ளையர்கள் அதே வேலைகளை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இப்படி ஒரு ஆயுதம் அவரிடம் இருந்தது. ஆனால் எந்தப் பாதி எங்களிடம் வந்தது, எந்தப் பாதி எங்கே போனது என்று பாருங்கள். தகுதித் தேர்வைக் கேள்வி கேட்ட பாதி நம் தேர்வாணையங்களுக்கும் மருத்துவக் கல்லூரி வாசலுக்கும் வரவில்லை. அவர் சொன்ன வேலைத்திறன் என்கிற சொல்லைத் தனியார் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. பேச்சு நயம், தோரணை, குடும்பப் பின்னணி என்று நேர்காணலில் புது வேலி போட்டன. சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே படிப்பு உள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். மேல்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான்.

உனக்கு வேட்கை பத்தாது என்கிற பாதி மட்டும் சுண்ணாம்புக் கோடாக எங்கள் காலடிக்கு வந்தது. அதிலும் ஒரு வேடிக்கை. 1976இல் டேவிட் பர்ன்ஹாமோடு சேர்ந்து ஹார்வர்டு வணிக இதழில் மெக்ளெல்லண்ட் எழுதினார்: பெரிய நிறுவனத்தின் நல்ல மேலாளருக்கு வேண்டியது சாதனை வேட்கை இல்லை, அதிகார வேட்கை. மேலே இருப்பவனுக்கு அதிகாரம், கீழே இருப்பவனுக்குச் சாதனை. இந்தியாவில் பத்து நாள் பயிற்சியில் அதிகார வேட்கை சொல்லிக்கொடுத்த மண்டபம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

2018இல் மத்திய அரசு நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டில் விருதுநகரையும் ராமநாதபுரத்தையும் சேர்த்தது. பின்தங்கிய என்று சொல்லவில்லை. முன்னேற விழையும் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். திருச்சுழித் தாலுகா முழுக்க விழைகிறது இப்போது. கண்மாயில் சீமைக்கருவேலம் விழைகிறது.

என் செருப்புக் கடைக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். பயிற்சி முடிந்து சான்றிதழ் கொடுத்தார்கள். கடன் கொடுக்கவேண்டிய இடத்தில், சம்பளக்காரர் ஒருத்தர் ஜாமீன் போடட்டும் என்றார்கள். எங்கள் வகையறாவில் சம்பளக்காரர் அத்தை ஒருத்திதான். "துப்புரவுத் தொழிலாளி ஜாமீன் செல்லாதுப்பா, வேற யாராவது கெசட்டட் ஆபீசரைப் பாருப்பா" என்று அங்கே உட்கார்ந்திருந்தவர் தன்மையாகவே சொன்னார். கடைவீதியில் பேசி வைத்திருந்த இடத்துக்காரர் நான் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு, மச்சான் மகன் கேட்கிறான் என்று அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். பதினொரு வருஷம் அங்கேதான்.

சான்றிதழ் கெட்டித் தாளில் அச்சிட்டது, நல்ல தாள். அதை அய்யாவிடம் கொடுத்துப் பத்திரமாக வையுங்கள் என்றேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் தேடியபோது பெட்டியில் இருந்தது. பின்பக்கத்தில் ஏழாம் நம்பர் பாதத்துக்கு அளவு வரைந்து, ஓரத்தைக் கத்தரித்து அச்சாக்கி வைத்திருந்தார்.